புளூட்டோ வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிய சகலை

"புளூட்டோவுல இருந்து கெளம்பி, அஞ்சு மணி நேரம் ஓடி வந்த வெளிச்சத்த, செடெனாக் எல்லையிலயே நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்புனவன் நான். ஒத்தக் கையெழுத்து. நீலப் பேனா."

இதைச் சொல்லிவிட்டு ஜெயபாலன் தே தாரேக் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். சர்புதீன் பாய் கடையில் அப்போது பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் சிரித்தார்கள்.

"வெளிச்சத்து மேல ஸ்டாம்பு குத்துனீங்களாண்ணே?" என்று கேட்டான் லாரி ஓட்டும் வேலு.

"குத்துனாங்க. மூணு காப்பி."

"பாய், நீங்க சொல்லுங்க. இது நெஜமா?"

சர்புதீன் கல்லாவுக்குப் பின்னால் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்த ஆளு என் கடைக் கறி நல்லாருக்குன்னு சொன்னாலே நான் நம்புறதில்ல. வெளிச்சத்தத் திருப்பினாராம்! போங்கப்பா."

"பாய், நீங்கதானே மேல வந்து..." என்று இழுத்தார் ஜெயபாலன்.

"நானா? நான் எங்க வந்தேன்? எனக்கு முட்டிவலி. மாடிப்படி ஏறி ரெண்டு வருசமாச்சு." துடைத்த இடத்தையே மூன்றாம் தடவை துடைத்தார்.

நடந்ததை நடந்தபடி சொல்வதென்றால் சகலையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஜெயபாலனும் திருச்செல்வமும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். இருவரும் பிறந்தது ஒரே நாள், ஒரே எஸ்டேட் ஆஸ்பத்திரி, ஒரே மருத்துவச்சி கையில். திருச்செல்வம் நாலு நிமிடம் முந்தி. இரண்டு பேருக்கும் மகர ராசி, திருவோண நட்சத்திரம், இரண்டாம் பாதம். மாப்பிள்ளை பார்த்த காலத்தில் மாமியார் கருப்பாயி இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு கையில இருக்கும்" என்று திருப்திப்பட்டாராம்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருடம். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, ராகு கேது பெயர்ச்சி என்று எது வந்தாலும் மகர ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று ஜெயபாலன் வரி விடாமல் படிப்பார். போட்டது போட்டபடி பலிக்கும். அதுதான் வயிற்றெரிச்சல். எந்தப் பலனை எடுத்தாலும் நடுவில் ஓர் 'ஆனால்' உட்கார்ந்திருக்கும். ஆனாலுக்கு முன்னால் உள்ளதெல்லாம் திருச்செல்வம் வீட்டில் நடக்கும். பின்னால் உள்ளதெல்லாம் இவர் வீட்டில் நடக்கும்.

'வெளிநாட்டில் வேலை அமையும். ஆனால் பயணத்தில் அலைச்சல் உண்டு.' திருச்செல்வத்துக்குச் சிங்கப்பூரில் வேலை அமைந்தது. அங்கே போய் அவரை வாழ்த்திவிட்டு வரலாம் என்று கிளம்பிய ஜெயபாலன் எல்லைப் பாலத்து நெரிசலில் ஆறரை மணி நேரம் நின்றார்.

'புதிய வாகனம் சேரும். ஆனால் சாலையில் கவனம் தேவை.' திருச்செல்வம் புதுக் கார் வாங்கினார். அதைக் காட்டுவதற்காக ஓட்டிக்கொண்டு வந்தபோது, வாசலில் நின்ற ஜெயபாலனின் மோட்டார் சைக்கிளை இடித்துச் சாய்த்தார்.

'சொந்த வீடு அமையும். ஆனால் உறவினர் வருகையால் தூக்கம் கெடும்.' திருச்செல்வம் கூலாயில் ஒரு பக்கச் சுவர் மட்டும் ஒட்டிய செமி-டி வீடு வாங்கினார். புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த உறவினர் பதினேழு பேரும், "அங்க தரையெல்லாம் வழுக்குதுப்பா" என்று ஜெயபாலன் வீட்டில் வந்து படுத்தார்கள்.

பொறாமை என்று சொன்னால் ஜெயபாலனுக்குக் கோபம் வரும். "நியாயம் கேக்குறேன்" என்பார். திருச்செல்வத்தின் வீட்டுக் கேட் தானாகத் திறக்கிற சத்தம் கேட்டால் இவருக்கு நெஞ்சு எரியும். அந்தச் சத்தம் கூலாயில். இவர் இருப்பது செடெனாக்கில். இருந்தாலும் கேட்கும்.

"அவரு ஒங்கள என்ன செஞ்சாரு? விடுங்களேன்" என்றாள் மனைவி குணவதி.

"ஒண்ணும் செய்யல. நாலு நிமிசம் முந்திப் பொறந்தான், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடியே க்யூ வெட்டுற புத்தி."

கடைசியில் ஒரு சனிக்கிழமை, அசல் ஜாதகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, தென்ஜொகூர் சோதிடர் பேரவைக்குப் போய்விட்டார். பேரவை இருந்தது சர்புதீன் பாய் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில். கண்ணாடிக் கதவு, நம்பர் சீட்டு கொடுக்கும் மெஷின், ஒன்பது நாற்காலி. கவுண்டரில் கிராணி லோஷினி.

"என்ன வேணும் அங்கிள்?"

"ஒரு கம்ப்ளெய்ன் குடுக்கணும்மா."

"எந்தக் கிரகத்து மேல?"

"அது தெரியலையே."

"தெரியாம எப்படி அங்கிள்? ஒவ்வொரு கிரகத்துக்கும் வேற வேற பாரம். செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள். சனிக்குக் கறுப்புத் தாள், கறுப்பு மை. இதுவரைக்கும் சனி மேல ஒரு கம்ப்ளெய்ன்கூடப் பதிவாகல."

"ராகு கேதுவுக்கு?"

"ஒரே பாரம். முன்பக்கம் ராகு, பின்பக்கம் கேது. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல படிக்க முடியாதுன்னு அதிகாரிங்க அதத் தொடுறதில்ல."

ஜெயபாலன் எட்டுப் பாரமும் வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தார். கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பாரம் நிரப்புவது அவருக்குப் பழக்கம். 'புகாரின் சுருக்கம்' என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: 'ஒரே ஜாதகம். அவனுக்கு மட்டும் ஏன்?'

பேரவை அப்படிப்பட்ட கேள்வியை அதுவரை விசாரித்ததில்லை. விசாரணைக் குழு ஒன்பது வாரம் உட்கார்ந்தது, கிரகத்துக்கு ஒரு வாரம். ஒன்பது கிரகங்களும் குற்றமற்றவை என்று தீர்ப்பாயிற்று. இரண்டு சகலைகளின் ஜாதகத்திலும் ஒவ்வொரு கிரகமும் ஒரே கட்டத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தது என்பதற்கு ஆவணம் இருந்தது. செவ்வாயை மட்டும் எச்சரித்து விட்டார்கள்.

பத்தாவது வாரம் ஜெயபாலனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீள மேசையின் தலைமாட்டில் பேரவைத் தலைவர் சோதிடக்கடல் மூர்த்தி. சந்தனம், கோட்டு, இரண்டு கைப்பேசி. பக்கத்தில் செயலாளர் வசந்தன், சட்டவிதிப் புத்தகத்தோடு.

"ஐயா," என்று ஆரம்பித்தார் தலைவர். "சோதிடம் பொய்க்காது. இது அடிப்படை. ஆகவே ஒன்பது கிரகத்தால் விளக்க முடியாத ஒன்று நடந்தால், தப்பு சோதிடத்தில் இல்லை. கிரகம் போதவில்லை என்று அர்த்தம். ஆள் பற்றாக்குறை. எனவே பேரவை பத்தாவதாக ஒருவரைப் பணியில் சேர்த்திருக்கிறது. புளூட்டோ."

"அத கிரகமே இல்லன்னு எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே."

"அதனால்தான் கிடைத்தது. விஞ்ஞானிகள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதம் தற்காலிகம், திருப்தியாக இருந்தால் நிரந்தரம்."

"அது என்னங்க செய்யும்?"

"மேல்நாட்டுச் சோதிடத்தில் பெரிய பதவி ஐயா அதற்கு. மண்ணுக்குள் புதைந்ததை வெளியே கொண்டு வரும். இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்டும். அதிகாரம், மரணம், மறுபிறப்பு, உள்ளே புழுங்கும் பொறாமை, எல்லாம் அதன் இலாகா. அதோடு இன்னொரு மகிமை. சனி இரண்டரை வருடத்தில் பெயர்ந்துவிடுகிறது. ஜனங்கள் திரும்பி வந்து, நீங்கள் சொன்னது நடக்கவில்லையே என்று மேசையைத் தட்டுகிறார்கள். புளூட்டோ ஒரு சுற்றுச் சுற்ற இருநூற்று நாற்பத்தெட்டு வருடம். யார் திரும்பி வருவான்?"

குழுவினர் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

தலைவரின் குரல் சட்டென்று இறங்கியது. "இன்னொன்றும் இருக்கிறது, ஒளிக்க விரும்பவில்லை. சாஆ ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. சனிப்பெயர்ச்சியை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். போன தடவை பதினாலு பஸ். பெக்கான் நானாஸ்காரர்கள் குருவைப் பிடித்துக்கொண்டார்கள், அன்னாசிப்பழ அபிஷேகம், டிவியில் காட்டினான். நமக்கு என்ன இருக்கிறது? புதன்! புதன் மாதத்துக்கு ஒரு தடவை பெயரும். அதற்கு எவன் பஸ் வைத்துக்கொண்டு வருவான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் பொறாமைப்படுகிறவன் அல்ல. நியாயம் கேட்கிறேன்."

ஜெயபாலனுக்கு அந்த மனிதரை அந்த நொடியே பிடித்துப்போயிற்று.

வேலைகள் மளமளவென்று நடந்தன. புது கிரகத்துக்குத் தானியம் வேண்டும். கோதுமையிலிருந்து கொள்ளு வரை ஒன்பதையும் பழைய ஆட்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அரை நாள் விவாதித்து, செம்பனைக் கொட்டை என்று முடிவாயிற்று. சுற்று வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. வாகனத்துக்குக் காக்கை, யானை, குதிரை எதுவும் காலியில்லை. பின்பக்கச் சாக்கடையில் ஒரு பியாவாக் உடும்பு நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அதையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

புளூட்டோ இப்போது எந்த ராசியில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். மேல்நாட்டுக் கணக்குப்படி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போய்விட்டது. நம் கணக்குப்படி இன்னும் பல வருடம் மகரத்தில்தான் இருக்கும். பேரவை இதை வாக்கெடுப்புக்கு விட்டது. போய்விட்டது என்று ஏழு பேர். போகவில்லை என்று ஏழு பேர். பாதி வழியில் இருக்கிறது என்று ஒருவர். தலைவர் தன் ஓட்டை, 'மேல்மாடி மண்டபம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை போகும்' என்பதற்குப் போட்டார். மண்டபம் மூன்றாவது ஞாயிறு காலியாக இருந்தது. புளூட்டோ பெயர்ச்சித் தேதி முடிவாயிற்று.

நேரத்தையும் துல்லியமாகக் குறித்தார்கள். பெயர்ச்சி பகல் 12.12. ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து வெளிச்சம் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே செடெனாக்கில் பலன் இறங்குவது மாலை 5.12. இடையில் சாப்பாடு.

"அஞ்சு மணி நேரமா?" என்றாள் லோஷினி. "ஜே.பி. பாலத்தத் தாண்டி வர்றதுக்கு இது பரவால்ல."

எல்லாம் சரி. ஜெயபாலன் கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க. புளூட்டோவும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கட்டத்துலதானே இருந்திருக்கும்? வித்தியாசம் எப்படி வரும்?"

தலைவர் கண்ணை மூடினார். திறந்தார்.

"சின்ன கிரகம் ஐயா. பார்வை குறுகல். ஒரு ஜாதகத்துக்கு ஓர் ஆளைத்தான் பார்க்க முடியும். உங்கள் சகலை நாலு நிமிடம் முன்னால் வந்து இடம் பிடித்துவிட்டார். பெயர்ச்சியின்போது கழுத்தைத் திருப்பியாக வேண்டும் அல்லவா? அப்போது உங்கள் பக்கம் பார்க்கும். அவருக்குப் போய்க்கொண்டிருந்ததெல்லாம் உங்களுக்கு வரும். இதைப் பேரவை எழுத்துமூலமாகவே தருகிறது."

தந்தார்கள். பலன் மாற்றக் கடிதம். முத்திரையோடு. 'மேற்படி ஞாயிறு மாலை 5.12 முதல், திருச்செல்வம் என்பவர் அனுபவித்துவரும் நற்பலன்கள் யாவும் ஜெயபாலன் என்பவருக்கு மாற்றப்படும்.'

அன்றைக்கு ஜெயபாலன் வீட்டுக்குப் போன வேகத்தில் மோட்டார் சைக்கிளுக்கே மூச்சு வாங்கியது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் கோப்பி எழுந்து ஓடி வந்தது. கோப்பி என்பது அவர் வீட்டு நாய், நிறத்தால் வந்த பெயர். தினமும் ஐந்து இருபதுக்கு அவர் சந்து முனையில் திரும்பும்போதே கேட்டில் காலைத் தூக்கி வைத்து நிற்கும். ஜெயபாலன் அதைக் கவனித்ததே இல்லை. தள்ளிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் குணவதியைக் கூட்டிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். கையில் அளவு நாடா. ஹாலின் நீளம், ஜன்னலின் அகலம், படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் அளந்தார். தானாகத் திறக்கும் கேட்டைப் பதினோரு தடவை திறந்து மூடிப் பழகினார்.

"என்ன சகல, வீடு வாங்கப் போறீங்களா?" என்றார் திருச்செல்வம்.

"வாங்கல்லாம் தேவையில்ல சகல. வரும்."

"இந்தத் திரைச்சீலைக் கலர் எனக்குப் புடிக்கல" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் குணவதி. கணவனை நம்பாதவள்தான். இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கை.

பெயர்ச்சிக்கு மூன்று நாள் முன்னால் பேரவையிலிருந்து அழைப்பு. ஏற்புக் கையெழுத்துப் போட வேண்டுமாம். லோஷினி கோப்பைத் தள்ளினாள். அது தடிமனாக இருந்தது. ஜெயபாலன் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு.

"இது யாரோட கோப்பும்மா?"

"ரெண்டு கோப்பையும் சேத்துக் கட்டிட்டோம் அங்கிள். ஒரே ஜாதகம், ஒரே கம்ப்ளெய்ன். அந்த அங்கிள் ஒங்களுக்கு முந்தியே குடுத்துட்டாரு."

திருச்செல்வத்தின் கையெழுத்து. தேதி இவருடையதற்கு நாலு நாள் முன்னால். கம்ப்ளெய்ன் கொடுப்பதில்கூட அவன் முந்தி. ஜெயபாலனுக்கு முதலில் நெஞ்சில் ஏறியது அந்த எரிச்சல்தான். பிறகு படித்தார்.

'நான் விடியுமுன் நாலு மணிக்குப் பாலத்துக்குக் கிளம்புகிறேன். இருட்டிய பிறகு வருகிறேன். என் வீட்டு நாய்க்கு என் முகம் தெரியாது. தினமும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. போன மாதம் கடித்துவிட்டது. என் சகலை ஐந்து இருபதுக்கு வீட்டுக்கு வருகிறான். அவன் வண்டிச் சத்தத்துக்கு அவன் நாய் எழுந்து நிற்கிறது. அவன் பெண்டாட்டி அவனோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறாள். மழை பெய்தால் வெளியே வந்து பார்க்கிறான். நான் என் வீட்டு மழையைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே ஜாதகம். அவனுக்கு மட்டும் ஏன்?'

ஜெயபாலன் இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படித்தபோது காது சூடாகிவிட்டது.

"அவனுக்கும் கடிதம் குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சே. 'ஜெயபாலன் என்பவர் அனுபவித்துவரும் நற்பலன்கள் யாவும்.' முழு செட்டு அங்கிள். பிரிச்சுக் குடுக்க மாட்டோம்."

"முழு செட்டுன்னா? நாயுமா?"

"நாய், தேத்தண்ணி, மழை. எல்லாம்."

அன்றைக்கு மாலை ஐந்து இருபதுக்கு கோப்பி கேட்டில் காலைத் தூக்கி வைத்து நின்றது. ஜெயபாலன் சைக்கிளை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் வாலை உற்றுப் பார்த்தார். அடடா, என்ன ஓர் ஆட்டம்! இத்தனை வருடமாக ஒருத்தன் இவர் சொத்தைப் பார்த்து எச்சில் ஊற நின்றிருக்கிறான், சொந்தக்காரனுக்கு அப்படி ஒரு சொத்து இருப்பதே தெரியவில்லை. உள்ளே போய்க் குணவதியைப் பார்த்தார்.

"என்னங்க, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க? தேத்தண்ணி ஆறுது."

"இந்தத் தேத்தண்ணிய அவனுக்குக் குடுத்துருவியா?"

"யாருக்கு?"

"யாருக்கும் குடுக்காத!"

வெள்ளிக்கிழமை திருச்செல்வம் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். வந்தவர் கோப்பிக்குக் கோழிக்கால் போட்டார். அந்த நன்றி கெட்ட ஜந்து வாலை ஆட்டியது. ஜெயபாலன் அன்று இரவு நாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிவைத்துப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்று பஸ். தலைவர் மூன்றையும் வெளியே வந்து எண்ணினார், மறுபடி எண்ணினார், நாலாவதாக நின்ற உர லாரியையும் சேர்த்து எண்ணினார். பக்தர்கள் தலைக்கு மூன்று செம்பனைக் கொட்டையைக் கறுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். 12.12க்கு மேளம் கொட்டியது. அங்கே புளூட்டோ பெயர்ந்தது. ஜனங்கள் வெளிச்சத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சர்புதீன் கடையில் ரொட்டி சானாய் மூன்று தடவை தீர்ந்தது.

மாலை ஐந்து மணிக்குத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "வெளிச்சம் இப்போது வியாழனைத் தாண்டிவிட்டது! பன்னிரண்டு நிமிடத்தில் செடெனாக்! சாஆக்காரர்கள் பார்க்கட்டும்! பெக்கான் நானாஸ்காரர்கள் கேட்கட்டும்! பொறாமை என்கிற அழுக்கை இன்றோடு புளூட்டோ நம் எல்லோர் உள்ளத்திலிருந்தும் தோண்டி எடுத்துவிடும். முக்கியமாக அவர்கள் உள்ளத்திலிருந்து!"

ஜெயபாலன் எழுந்தார்.

"ஆட்சேபணை!"

மேளக்காரர் கை அந்தரத்தில் நின்றது.

"எனக்குப் பெயர்ச்சி வேணாம். செமி-டி வேணாம், கேட்டு வேணாம். எதையும் வாங்கிக்க மாட்டேன். என்னோடதையும் தர மாட்டேன். ஒரு சொட்டு மழகூடத் தர மாட்டேன்!"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். வசந்தன் சட்டவிதியைப் புரட்டினார். "ஆட்சேபிக்கலாம் தலைவரே. வழிமொழிய ஒருவர் வேண்டும்."

சுவர்க் கடிகாரம் 5.04 காட்டியது. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. திருச்செல்வம்.

"நான் வழிமொழியுறேன்."

"நீங்களா? உங்களுக்குத்தானே ஐயா நாய்?"

"நாய் வேணும். ஆனா முழு செட்டுன்னு சொல்லிட்டீங்க. பாடுபட்டு வாங்குன என் வீட்டுல இவன் கால்மேல கால் போட்டு உக்காந்து கேட்டத் தொறந்து தொறந்து மூடுவான். அத நான் பாக்கணுமா? வந்து அளந்துட்டு வேற போயிருக்கான்! நான் செத்தாலும் குடுக்க மாட்டேன்."

"நீ குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்!"

"நீ யாருடா வாங்க மாட்டேன்னு சொல்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் சகலைகள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். நின்றபடியே அடித்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

"ஆனால் ஐயா," என்று கத்தினார் தலைவர், "கிரகம் பகலிலேயே பெயர்ந்துவிட்டது! வெளிச்சம் வழியில் இருக்கிறது! கிளம்பிவிட்ட வெளிச்சத்தை என்ன செய்வது?"

செயலாளர் பக்கத்தைத் திருப்பினார். "விதி 31. பேரவை முகவரிக்கு வரும் எதையும், பிரிக்கும் முன், 'பெறுநர் மறுக்கிறார்' என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். தபாலுக்காகப் போட்ட விதிதான். ஆனால் 'எதையும்' என்று இருக்கிறது."

"சாட்சி?"

"நடுநிலைச் சாட்சி ஒருவர். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவராக இருக்க வேண்டும்."

முன்னூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆள் அந்தக் கட்டடத்திலேயே ஒருவர்தான் இருந்தார். லோஷினி படியிறங்கி ஓடினாள். 5.09க்கு சர்புதீன் பாய் மூச்சிரைக்க மேலே வந்தார். இரண்டு கையிலும் ரொட்டி மாவு.

"என்னாப்பா இது? அடுப்புல கல்லு காயுது!"

"பாய், இந்த வெளிச்சம் திரும்பிப் போகும்னு நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"தகுதியான சாட்சி. இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

தாளில் ஜெயபாலன் நீலப் பேனாவால் போட்டார். திருச்செல்வம் கீழே போட்டார், கொஞ்சம் பெரிதாக. சர்புதீன் மாவுக் கையோடு மூன்றாவதாகப் போட்டு, கட்டை விரல் அடையாளத்தையும் கேட்காமலே பதித்துவிட்டார். தலைவர் எழுந்து நின்று அவருக்குக் கைகூப்பினார். முத்திரை விழுந்தபோது மணி 5.11.

"புளூட்டோ பெயர்ச்சி," என்று அறிவித்தார் தலைவர், "தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. வந்துகொண்டிருந்த வெளிச்சம் பெக்கான் நானாஸ், சாஆ தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாம்."

முன்னூறு பேரும் 5.12க்கு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சின்ன மினுக்கல்கூட இல்லை. வெளிச்சம் திரும்பிப் போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும் என்று தலைவர் கேட்டார்.

ஜெயபாலன் வீட்டுக்குப் பறந்தார். சந்து முனையில் திரும்பினார். கோப்பி கேட்டில் காலைத் தூக்கி வைத்து நின்றது. அதே நேரத்தில் கூலாயில் திருச்செல்வம் கார்க் கதவைத் திறந்தார். அவர் நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. எல்லாம் இருந்தது இருந்தபடி.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெயபாலன் சொல்கிறார், ஜனங்கள் சிரிக்கிறார்கள், சர்புதீன் முட்டிவலி என்கிறார். பாய் வீட்டு ஜஹானாரா அக்காவுக்கு, தன் புருஷன் கிரக விஷயத்தில் சாட்சி போட்டது தெரிந்தால் அடுப்படியில் இடமில்லை. அதனால் இந்த முட்டிவலி.

பதினோரு பேர் சிரித்த அன்றைக்கும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் வேலு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே வாயை விட்டான்.

"சாட்சி யாருன்னு எனக்குத் தெரியுமே. எதித்த கடை லியாக்கத் அலி பாய் சொன்னாரு. அவருதானாம்."

சர்புதீனின் கைத்துணி நின்றது.

"யாரு?"

"லியாக்கத் பாய். தெனமும் சாயந்தரம் அவரு கடையில ஒரே கூட்டம். கை நெறைய மாவோட மாடி ஏறிப் போனாராம். தலைவரு எழுந்து நின்னு கும்புட்டாராம். பெருவெரல் மாவு தாள்ல அப்படியே ஒட்டிக்கிச்சாம். அந்தக் கையாலதான் இப்ப ரொட்டி போடுறாராம். ஜனம் அதுக்குன்னே வருது."

"அவன் கையில மாவா?" சர்புதீனின் குரல் கீச்சென்று போயிற்று. "அவன் கடையில ரொட்டியே பாக்கெட்டுல வருது! அது என் மாவு! என் வெரலு!"

"அப்ப நீங்க மேல போனீங்களா பாய்?"

சர்புதீன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே இரண்டு புதுக் கார் நின்றுகொண்டிருந்தது. கல்லாவின் அடி இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த மூன்றாம் பிரதியை எடுத்தார். காய்ந்த மாவு உதிர்ந்தது. முட்டிவலிக்காரர் ஒரே தாவலில் கல்லாவைத் தாண்டி, அந்தத் தாளைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு, ரோட்டின் நடுவில் போய் நின்றார்.

"டேய் லியாக்கத்து! வெளிய வாடா! நடந்துச்சுடா! அந்த வெளிச்சம் வந்துச்சு, நாங்க மூணு பேரு கையெழுத்துப் போட்டோம், திரும்பிப் போச்சு! நான் பாத்தேன்! ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"